தொடர்பே இல்லை என்றால் கட்டங்கள் எப்படி இருக்கும்?

போன வருடம் நர்சிங் முதுகலை மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு வந்தார். ரத்தசோகை பற்றி 60 தாய்மார்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது ஆய்வு. கடைசி அத்தியாயத்தில் வழக்கம்போல நீளமான அட்டவணை ஒன்று. வயது, படிப்பு, வேலை, வருமானம், மதம், குடும்ப வகை என்று பத்து விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கை-ஸ்கொயர் எண், அதற்குப் பக்கத்தில் 'எஸ்' (சிக்னிஃபிகன்ட், தற்செயல் என்று ஒதுக்க முடியாதது) அல்லது 'என்எஸ்' (நாட் சிக்னிஃபிகன்ட்). ஒன்பது வரிகளில் என்எஸ். குடும்ப வகைக்கு மட்டும் 6.44, எஸ்.

"சார், கூட்டுக்குடும்பத்துக்கும் ரத்தசோகை பத்தின அறிவுக்கும் தொடர்பு இருக்குன்னு எழுதிடலாமா?"

"அந்த 6.44 எங்கேயிருந்தும்மா வந்தது?"

"சாஃப்ட்வேர் கொடுத்துச்சு சார்."

அவர்மேல் குறையில்லை. இந்தச் சோதனையை நாம் சொல்லிக்கொடுக்கும் விதமே அப்படி. சூத்திரம், அட்டவணை மதிப்பு, பெரியதா சிறியதா, முடிவு. பாடப்புத்தகத்தில் கை-வர்க்கச் சோதனை என்று பெயர். வகுப்பில் எல்லோரும் கை-ஸ்கொயர் என்றுதான் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் அது கேட்கும் கேள்வி மிக எளிமையானது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். அன்றைக்கு அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவருடைய அட்டவணைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நூறு வருடம் பழைய ஒரு அட்டவணை.

மேஜர் கிரீன்வுட், உட்னி யூல் என்ற இரண்டு பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் 1915-இல் டைஃபாய்டு, காலரா தடுப்பூசிக் கணக்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ('மேஜர்' என்பது ராணுவப் பதவி இல்லை, அவருடைய பெயரே அதுதான்.) அதில் ராணுவ வீரர்களைப் பற்றிய டைஃபாய்டு அட்டவணை ஒன்று இது:

| | காய்ச்சல் வந்தது | வரவில்லை | மொத்தம் |
|---|---|---|---|
| ஊசி போட்டவர்கள் | 56 | 6,759 | 6,815 |
| போடாதவர்கள் | 272 | 11,396 | 11,668 |
| மொத்தம் | 328 | 18,155 | 18,483 |

ஒவ்வொரு ஆளையும் இரண்டு விதமாகப் பிரித்து, நான்கு கட்டங்களில் ஒன்றில் போட்டாயிற்று. இதுதான் கன்டின்ஜென்சி டேபிள். அந்தப் பெயரை 1904-இல் வைத்தவர் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர். தமிழில் இருவழி அட்டவணை என்று சொல்லலாம். ஆள் எந்த வரிசை, எந்தப் பத்தி என்பதைத் தவிர வேறு எதுவும் இதற்குத் தெரியாது. உயரம், எடை மாதிரி அளந்த எண்கள் இதில் கிடையாது, எண்ணிப் பார்த்த தலைகள் மட்டும்தான்.

இனி அந்தக் கேள்வி: ஊசிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் இந்த நான்கு கட்டங்களும் எப்படி இருந்திருக்கும்?

பதில் கடைசி வரியிலேயே இருக்கிறது. மொத்தம் 18,483 பேரில் 328 பேருக்குக் காய்ச்சல், அதாவது ஆயிரத்துக்கு 17.7 பேர். ஊசியால் எந்த வித்தியாசமும் இல்லை என்றால் ஊசி போட்டவர்களிலும் ஆயிரத்துக்கு அதே 17.7 பேருக்கு வந்திருக்க வேண்டும். 6,815 பேருக்கு அந்த விகிதம் 120.94. வரிசை மொத்தத்தைப் பத்தி மொத்தத்தால் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுக்கச் சொல்லும் சூத்திரம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் குறுக்கி எழுதியிருக்கிறது. சார்பின்மை என்றால் வேறொன்றுமில்லை, எந்த வரிசையில் நின்று பார்த்தாலும் விகிதம் ஒன்றாகத் தெரிவதுதான்.

ஆனால் வந்தது 56. எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 65 குறைவு (துல்லியமாக 64.94). மற்ற மூன்று கட்டங்களையும் கணக்குப் போட்டால் எதிர்பார்ப்பு முறையே 6,694.06, 207.06, 11,460.94. ஒவ்வொன்றிலும் வித்தியாசம் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே 64.94, கூட்டலும் கழித்தலும்தான் மாறுகிறது. இது தற்செயல் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்தது.

வித்தியாசம் நான்கிலும் ஒன்றுதான் என்றாலும் அதன் கனம் ஒன்றில்லை. 121 பேரை எதிர்பார்க்கும் கட்டத்தில் 65 பேர் குறைவது பெரிய செய்தி. 11,461 பேரை எதிர்பார்க்கும் கட்டத்தில் 65 பேர் கூடுவது யார் கண்ணிலும் படாது. அதனால்தான் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, அந்தந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பால் வகுக்கிறோம். 34.87, 0.63, 20.37, 0.37. கூட்டினால் 56.2. கைக்கணக்கில் ஐந்து நிமிட வேலை. என் மாணவர்களை ஒரு தடவையாவது இதைக் கையால் செய்ய வைப்பேன். மொத்தம் 56-இல் 55-க்கு மேல் காய்ச்சல் வந்தவர்களின் இரண்டு கட்டங்களிலிருந்தே வருகிறது என்பது கையால் போட்டவர்களுக்குத்தான் தெரியும், சாஃப்ட்வேரில் ஒரே எண் பார்த்தவர்களுக்குத் தெரியாது.

சரி, 56.2 பெரியதா? சம்பந்தமே இல்லாத உலகத்திலும் கட்டங்கள் எதிர்பார்ப்பைத் தொட்டபடி நிற்காது, கொஞ்சம் முன்பின் ஆடும். அந்த ஆட்டம் எதுவரை போகும் என்று தெரிந்தால்தான் 56-ஐ எடைபோட முடியும். 1900-இல் கார்ல் பியர்சன் கண்டுபிடித்தது இதைத்தான். கட்டங்களின் எண்ணிக்கை தெரிந்தால், வெறும் தற்செயலால் கை-ஸ்கொயர் இந்த அளவைத் தாண்ட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் வளைவு. புள்ளியியலில் இதைவிட அதிகம் உழைத்த கருவி இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அதில் பியர்சனே ஒரு தப்பு செய்தார், அந்தத் தப்பு இருபது வருடத்துக்கு மேல் நின்றது. பகடையில் ஆறு முகத்துக்கும் சம வாய்ப்பு என்பது பகடையைப் போடுவதற்கு முன்பே தெரியும். அங்கே எதிர்பார்க்கும் எண்கள் வெளியிலிருந்து வருகின்றன. கட்டாயம் ஒன்றே ஒன்றுதான், எல்லாக் கட்டங்களும் கூடி மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். ஆறு கட்டத்தில் ஐந்து சுதந்திரமாக மாறலாம், ஆறாவது தானாக அமைந்துவிடும். பியர்சன் அதே கணக்கை இருவழி அட்டவணைக்கும் போட்டார்: நான்கு கட்டம், ஒன்றைக் கழித்தால் மூன்று.

இருவழி அட்டவணையின் கதை வேறு. இங்கே எதிர்பார்க்கும் எண்களை அட்டவணையின் ஓரத்து மொத்தங்களிலிருந்தே எடுக்கிறோம். மேலே உள்ள அட்டவணையில் உள்ளே இருக்கும் நான்கு எண்களையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், ஓரத்து மொத்தங்கள் மட்டும் தெரியட்டும். முதல் கட்டம் 56 என்று நான் சொன்ன உடனே மீதி மூன்றையும் நீங்களே நிரப்பிவிடலாம். 6,815-இல் 56 போனால் 6,759. 328-இல் 56 போனால் 272. கடைசிக் கட்டமும் அப்படியே விழும். சுதந்திரம் உள்ள கட்டம் ஒன்றே ஒன்றுதான். நான்கிலும் அதே 64.94 வந்ததன் காரணமும் இதுதான். இதைத்தான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்கிறோம். வரிசையில் ஒன்றும் பத்தியில் ஒன்றும் குறைத்துப் பெருக்குவது இந்த மறைத்துப் பார்க்கும் விளையாட்டின் சுருக்கம்.

கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று முதலில் கவனித்தவர்களில் கிரீன்வுட்டும் யூலும் உண்டு. இரண்டு விகிதங்களின் வித்தியாசத்தை நேரடியாகச் சோதித்தால் ஒரு விடை, பியர்சன் வழியில் கை-ஸ்கொயர் போட்டால் வேறு விடை. 1922-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் புள்ளியியலாளர் காரணத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினார். பியர்சன் அப்போது அந்தத் துறையின் பெரிய மனிதர், விட்டுக்கொடுக்கவில்லை. ஃபிஷரை, டான் கிஹோட்டே கதையில் வருவதுபோல் காற்றாலையோடு மோதும் வீரன் என்று அச்சிலேயே சாடினார்.

அதே வருடம் யூல் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, பதினாறு அறைகளாகப் பிரித்த ஒரு வட்டத் தட்டைச் சுழலவிட்டு அதில் அவரை விதைகளை எறிந்தார். எந்த விதை எந்த அறையில் விழுகிறது என்பதில் தொடர்பு இருக்க வழியே இல்லை. பதினாறு அறைகளின் எண்ணிக்கையை நாலுக்கு நாலு அட்டவணையாக எழுதி கை-ஸ்கொயர் போட்டார். அப்படி நூறு அட்டவணைகள். தொடர்பே இல்லாதபோது கை-ஸ்கொயரின் சராசரி, சுதந்திரக் கட்டங்களின் எண்ணிக்கையை ஒட்டியே வரும். பியர்சன் சொன்னது சரியென்றால் சராசரி 15-ஐ ஒட்டி வர வேண்டும், ஃபிஷர் சொன்னது சரியென்றால் 9-ஐ ஒட்டி. விதைகள் ஃபிஷர் பக்கம் சாட்சி சொல்லின. நான்கு வருடம் கழித்து இன்னொரு சாட்சி வந்தது. பியர்சனின் மகன் ஈகான் வேறொரு காரணத்துக்காகத் திரட்டி வெளியிட்டிருந்த ஆயிரக்கணக்கான இரண்டுக்கு இரண்டு அட்டவணைகளை ஃபிஷர் எடுத்துக் கணக்குப் போட்டார். சராசரி கிட்டத்தட்ட சரியாக ஒன்று வந்தது. மூன்றுக்குப் பக்கத்தில் போகவே இல்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், இந்தத் தப்பு வெறும் ஏட்டுச் சண்டை கிடையாது. ஒரு அட்டவணையில் கை-ஸ்கொயர் 5 என்று வைத்துக்கொள்வோம். சுதந்திரக் கட்டம் ஒன்று என்றால், வெறும் தற்செயலால் இவ்வளவு வர வாய்ப்பு 2.5 சதவீதம். மூன்று என்று எடுத்தால் 17 சதவீதம். முதலாவது 'கவனி' என்கிறது, இரண்டாவது 'ஒன்றுமில்லை, போ' என்கிறது. உண்மையான தொடர்புகள் எத்தனையோ அந்த இருபது வருடங்களில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

டைஃபாய்டு அட்டவணைக்கு எந்தக் கணக்கும் ஒன்றுதான். ஒரு சுதந்திரக் கட்டத்துக்கு வழக்கமான எல்லை 3.84, வெறும் தற்செயலால் அதைத் தாண்ட ஐந்து சதவீத வாய்ப்புதான். 56 அதையெல்லாம் தாண்டி எங்கேயோ நிற்கிறது. தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இங்கேதான் பலர் அடுத்த தப்பைச் செய்கிறார்கள். 56 பெரிய எண், ஆகவே தொடர்பும் பெரியது என்று எழுதிவிடுகிறார்கள். கை-ஸ்கொயர் தொடர்பின் பலத்தைச் சொல்லாது, தொடர்பு இருக்கிறது என்பதற்கான சாட்சியின் பலத்தைத்தான் சொல்லும். இதே அட்டவணையை எல்லாக் கட்டத்திலும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் விகிதங்கள் மாறாது, கை-ஸ்கொயர் 5.6 ஆகிவிடும். நூறில் ஒரு பங்காக்கினால் 0.56. ஊசியின் சக்தி அப்படியேதான் இருக்கிறது, நாம் பார்த்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். திருப்பிப் போட்டால், லட்சக்கணக்கான பேரின் தரவில் ஒன்றுக்கும் உதவாத வித்தியாசம்கூட எஸ் என்று வந்து நிற்கும்.

பலம் வேண்டுமென்றால் விகிதத்தைப் பாருங்கள். ஊசி போட்டவர்களில் ஆயிரத்துக்கு 8.2 பேர், போடாதவர்களில் 23.3 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கை-ஸ்கொயரை ஆள்கணக்கால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கும் ஃபை என்ற அளவைப் போட்டால் 0.055 வருகிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில். காய்ச்சல் வந்தவர்கள் மொத்தத்திலேயே குறைவு என்பதால் அந்த அளவு அப்படிச் சுருங்கிவிடுகிறது. ஒரே அட்டவணை, ஒரு கண்ணாடியில் யானை, இன்னொன்றில் எறும்பு. என்னைக் கேட்டால் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று எழுதுவதுதான் நல்லது. படிப்பவருக்கும் புரியும், பொய்யும் சொல்லாது.

சரி, தொடர்பு இருக்கிறது, பலமாகவும் இருக்கிறது. ஊசிதான் காப்பாற்றியதா? அட்டவணைக்கு அது தெரியாது. இந்த இடத்தில் பியர்சனுக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஆல்ம்ராத் ரைட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உருவாக்கிய அந்த ஊசியைப் பற்றி 1904-இலேயே ராணுவக் கணக்குகளை அவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர் எழுப்பிய சந்தேகங்களில் ஒன்று இது: ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் இயல்பிலேயே உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களாக இருக்கலாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறவனும் ஊசிக்குக் கையை நீட்டுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால், காப்பாற்றியது ஊசியா, காய்ச்சிய தண்ணீரா? பரிகாரமும் அவரே சொன்னார். முன்வருகிறவர்களின் பெயர்களை எழுதிவைத்து, ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போடுங்கள். இரண்டு பக்கமும் முன்வந்தவர்கள்தான், ஊசி மட்டும்தான் வித்தியாசம்.

இந்த யோசனை முழு வடிவம் எடுக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. கிரீன்வுட்டிடம் பாடம் கேட்ட ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருகிறதா என்று பார்த்த பிரிட்டிஷ் சோதனையில் யாருக்கு மருந்து என்பதைச் சமவாய்ப்பு எண்களிடம் விட்டார். முடிவு 1948-இல் வெளிவந்தது. மொத்தமே 107 பேர். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். கை-ஸ்கொயர் போட்டால் 7.4 வரும், டைஃபாய்டு அட்டவணையின் 56-க்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ராணுவத்தின் பதினெட்டாயிரம் பேர் சொல்ல முடியாததை இந்த 107 பேர் சொன்னார்கள். அட்டவணைக்கு உள்ளே இருக்கும் எண்ணைவிட, ஆட்கள் அந்தக் கட்டங்களுக்குள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

அந்த வழி சென்னைக்கும் வந்தது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடம் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு, ஓய்வு கொடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. மையம் நோயாளிகளைச் சமவாய்ப்பாகப் பிரித்து ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பியது. இரு பக்கமும் ஒரே மருந்துகள். வீட்டுக்குப் போனவர்கள் நெரிசலான ஏழை வீடுகளில், குறைந்த சாப்பாட்டில் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் கட்டுக்குள் வந்திருந்தது. 1959-இல் முடிவு வெளியானது.

86-க்கும் 92-க்கும் நடுவே உள்ள ஆறு என்ன சொல்கிறது? கணக்குக்காகப் பக்கத்துக்கு நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் கை-ஸ்கொயர் 1.8-தான், எல்லையான 3.84-க்கு வெகு கீழே. இங்கே கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் சமம் என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. இவ்வளவு பேரைப் பார்த்ததில் வித்தியாசம் பிடிபடவில்லை, அவ்வளவுதான். 'என்எஸ்' என்று வந்த உடனே 'தொடர்பு இல்லை' என்று எழுதுவது நம் ஆய்வேடுகளில் மிகச் சகஜம். 'இருப்பதற்குப் போதிய சாட்சி கிடைக்கவில்லை' என்பதுதான் சரி. சென்னை ஆய்வு உலகத்தையே வீட்டுச் சிகிச்சைக்குத் திருப்பியதற்கு அந்த ஒரு எண் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வீட்டில் இருந்தவர்களில் இவ்வளவு பேர் குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். பியர்சனின் வளைவு ஒரு தோராயம், எதிர்பார்க்கும் எண்கள் மிகச் சிறியதானால் பிசகும். ஐந்துக்குக் கீழே போகக்கூடாது என்று வகுப்பில் சொல்வார்கள். பார்க்க வேண்டியது எதிர்பார்க்கும் எண்ணை, கட்டத்தில் வந்த எண்ணை இல்லை. பெரிய அட்டவணைகளில் ஒன்றிரண்டு கட்டம் ஐந்துக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. ரொம்பச் சிறிய அட்டவணை என்றால் ஃபிஷரின் துல்லியச் சோதனை இருக்கிறது, இன்றைக்குக் கணினியில் அது ஒரு நொடி வேலை.

இனி அந்த மாணவியின் அட்டவணை. அடையாளம் தெரியக்கூடாது என்று எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், விஷயம் அதேதான்.

| | நன்றாகத் தெரியும் | ஓரளவு | தெரியாது | மொத்தம் |
|---|---|---|---|---|
| கூட்டுக்குடும்பம் | 6 | 12 | 4 | 22 |
| தனிக்குடும்பம் | 3 | 18 | 17 | 38 |
| மொத்தம் | 9 | 30 | 21 | 60 |

சுதந்திரக் கட்டம் இரண்டு, எல்லை 5.99, வந்தது 6.44. எஸ்தான், கணக்கில் பிழையில்லை. நான் அவரிடம் முதலில் கேட்டது: "பத்து விவரத்தையும் தனித்தனியா சோதிச்சீங்க இல்லையா? எதுக்குமே தொடர்பு இல்லைன்னாகூட, பத்துல ஒண்ணாவது தற்செயலா எஸ் வர எவ்வளவு வாய்ப்பு?" ஒவ்வொன்றுக்கும் ஐந்து சதவீதம், பத்தும் தனித்தனி என்று எடுத்தால் சேர்ந்து நாற்பது சதவீதம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு இருவரும் பென்சிலை எடுத்துக்கொண்டோம். கூட்டுக்குடும்பத்தில் 'நன்றாகத் தெரியும்' என்ற ஆறு பேரில் ஒரே ஒரு தாயை மட்டும் 'ஓரளவு' கட்டத்துக்கு நகர்த்தினோம். ஒரு கேள்விக்கு விடை தப்பியிருந்தால் அந்த மதிப்பெண் எல்லையைத் தாண்டியிருக்கமாட்டார், அவ்வளவுதான். மொத்தங்கள் 8, 31, 21 ஆயின. எதிர்பார்க்கும் எண்களை அவரே போட்டார், வித்தியாசங்களை வர்க்கப்படுத்தினார், கூட்டினார். 5.48. என்எஸ்.

"ஒரே ஒரு ஆள்தானே சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மதிப்பெண் தாள்களை எடுத்து, 'நன்றாகத் தெரியும்' என்ற எல்லையில் யார் யார் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டுவந்தபோது எஸ், என்எஸ் பத்தி போயிருந்தது. அந்த இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஆட்கணக்கும் சதவீதமும் பி-மதிப்பும் (வெறும் தற்செயலால் இவ்வளவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) இருந்தன. குடும்ப வகைக்கு எதிரே ஒரு வரி: 'பத்துச் சோதனைகளில் ஒன்று, ஒரே ஒருவர் கட்டம் மாறினால் முடிவு மாறுகிறது, வேறு தாய்மார்களிடம் மறுபடி பார்க்க வேண்டும்.'